காமிராவைக் கையிலெடுத்த பாரிஸ்டர்

ஒரு நாட்டு மக்கள் தங்கள் நாட்டைத் தங்கள் கண்களாலேயே காணக் கற்றுக்கொள்வதும் விடுதலையின் ஒரு பகுதியே ஆகும். ஆட்சி கைமாறிய அன்றே அது வந்து சேர்ந்துவிடுவதில்லை. அந்நியர் வகுத்த சட்டத்தை ஒரே நாளில் மாற்றிவிடலாம். அந்நியர் பழக்கிய பார்வையை மாற்றுவதற்கு ஒரு தலைமுறையாவது வேண்டும். அத்தகைய மாறுதலைப் போட்டோப் படத்தின் வாயிலாகத் தொடங்கிவைத்தவர்களுள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர், கொழும்பு நகரில் பிறந்து, வாழ்ந்து, மறைந்த லயனல் வெண்ட்.

அவர் இவ்வுலகில் இருந்தது 44 ஆண்டுகளே. அதிலும் காமிராவோடு முனைந்து உழைத்தது பத்து அல்லது பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் இராது. அந்தச் சிறு காலத்திற்குள் அவர் இரண்டு காரியங்களைச் சாதித்தார். போட்டோவும் ஒரு கலையே என்பதைத் தம் படங்களால் நிலைநாட்டியது ஒன்று. தம் காலத்து ஓவியர்களையும் ஆடற்கலைஞர்களையும் தேடிக் கண்டு, அவர்களுடைய கலைக்கு ஓர் இருப்பிடம் அமைத்துக் கொடுத்தது மற்றொன்று. தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்ற ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் இருக்கும் நமக்குக் கொழும்புக் கலைஞர் ஒருவரின் சரித்திரம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். அவர் வாழ்வை முதலில் அறிந்துகொள்வோம். அக்கேள்விக்கு விடை தானே கிடைக்கும்.

நம் தென்னாட்டிற்குப் போட்டோக் கருவி வந்த வரலாறு சுவையானது. சென்னை அரசாங்கம் லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரியைத் தன் போட்டோக்காரராக நியமித்தது. அவர் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி முதலிய ஊர்களில் எடுத்த கோயில், கோட்டைப் படங்கள் 1858-ஆம் ஆண்டில் வெளியாயின. அவை அழகிய படங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஆளவந்தவர்கள் தாங்கள் ஆளும் சொத்தைக் கணக்கெடுத்துக்கொண்ட பத்திரங்களே அவை. இலங்கையிலும் அவ்வாறே நடந்தது. ஸ்கீன், பிளாட்டே என்னும் படக்கடைகள் அங்கே செழித்தோங்கின. கப்பலிலிருந்து இறங்கும் வெள்ளைக்காரப் பிரயாணிகள் வாங்கிச் செல்வதற்கென்று தென்னை மரம், தோணி, கொழுந்து பறிக்கும் பெண், பிச்சைப் பாத்திரம் ஏந்திய பிக்கு எனப் படங்கள் ஆயிரக்கணக்கில் அச்சாயின. அப்படங்களில் நம்மவர்கள் மனிதர்களாக இல்லை. ஒரு ஜாதிக்கு ஒரு மாதிரி, ஒரு தொழிலுக்கு ஒரு மாதிரி என்று வரிசையாக நிறுத்தப்பட்ட பொருள்களாகவே இருந்தனர்.

வெண்ட் இச்சூழ்நிலையில் 1900-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வெண்ட், இலங்கைச் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. அவர் பறங்கியர் என்று வழங்கும் ஐரோப்பியக் கலப்புச் சமூகத்தைச் சேர்ந்தவர். தாயார் டி சேரம் என்னும் புகழ்பெற்ற சிங்களக் குடும்பத்துப் பெண்மணி. நீதிபதியாக இருந்த தந்தைக்கு ஓய்வு நேரத்தில் போட்டோ எடுப்பதில் பெரும் பற்று உண்டு. கொழும்பில் போட்டோப் பிரியர்கள் சேர்ந்து அமைத்த சங்கத்தை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். ஆகவே மைந்தனுக்குச் சட்டமும் காமிராவும் ஒரே வீட்டிலிருந்து வந்த சீதனங்களாயின. தாய் தந்தை இருவரையும் இளமையிலேயே இழந்த வெண்ட், வயதுக்கு மிஞ்சிய தனிமையையும், உழைக்காமலே உண்ணத்தக்க செல்வத்தையும் ஒருங்கே பெற்றார்.

மேற்படிப்புக்காக அவர் லண்டன் சென்றார். இன்னர் டெம்பிளில் சட்டம் பயின்று பாரிஸ்டர் ஆனார். குடும்பத்தார் எதிர்பார்த்தது அதுதான். ஆனால் அதே லண்டனில் ராயல் சங்கீதக் கழகத்தில் பியானோவும் பயின்றார். அவருடைய உள்ளம் அங்கேதான் இருந்தது. 1924-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பி, சிறிது காலம் வக்கீல் தொழிலைப் பார்த்தார். பிறகு அதை அறவே விட்டுவிட்டார். கறுப்பு அங்கியை ஒருமுறை தோளில் போட்டவன் அதைக் கழற்றுவது எளிதன்று என்பதைத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். கட்சிக்காரனும், கௌரவமும், தந்தையின் பெயரும் ஒன்றுசேர்ந்து அவனைப் பிடித்து நிறுத்தும். கையில் காசுள்ளவன் துறப்பதில் என்ன பெருமை என்று கேட்பதும் நியாயமே. காசுள்ள வாலிபர்கள் எத்தனையோ பேர் அக்காலக் கொழும்பில் குதிரைப் பந்தயத்திற்கும் கிளப்புக்கும் போனார்கள். வெண்ட் மட்டும் கலைக்குப் போனார்.

பியானோ வாசிப்பில் அவர் தேர்ந்த வித்துவான். ஐரோப்பாவின் புதுப்பாணி இசையைக் கொழும்பு மக்களுக்கு அறிமுகம் செய்தவர்களுள் அவர் முக்கியமானவர். அவர் வீட்டில் நல்ல புஸ்தகசாலை ஒன்று இருந்தது. இலக்கியம், ஓவியம், சங்கீதம் பற்றிய விவாதம் அங்கே ஓயாமல் நடக்கும். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா, இளம் வயதில் தம் நாட்டுத் தூதரக அதிகாரியாகக் கொழும்பில் இருந்தபோது வெண்டின் நட்பைப் பெற்றார். அந்நகரின் தனிமையில் தமக்குப் புஸ்தகங்கள் கொடுத்து உதவிய இந்நண்பரைப் பற்றி நெருடா தம் வாழ்க்கை நினைவுகளில் பாராட்டி எழுதியிருக்கிறார்.

1930-க்குப் பின் வெண்ட் காமிராவை முழு மனத்துடன் கையிலெடுத்தார். ரோலிபிளெக்ஸ், லைக்கா ஆகிய சிறு காமிராக்கள் அப்போதுதான் உலகெங்கும் பரவத் தொடங்கியிருந்தன. முக்காலியும் பெரிய பெட்டியும் சுமந்து திரியவேண்டிய காலம் போய், தெருவிலும் வயலிலும் கடற்கரையிலும் கண்டதைக் கண்டவாறே பிடிக்கும் வசதி வந்துவிட்டது. வெண்ட் அவ்வசதியைப் பயன்படுத்திக்கொண்டார். ஆனால் அதோடு நின்றுவிடவில்லை. படம் எடுப்பது பாதி வேலை, இருட்டறையில் நடப்பது மறுபாதி என்பது அவர் கொள்கை. படத்தை மருந்தில் அலம்பும்போதே ஒரு நொடி வெளிச்சம் பாய்ச்சினால் ஒளியும் நிழலும் இடம் மாறி, உருவத்தைச் சுற்றிக் கோடு இழுத்தாற்போன்ற ஒரு தோற்றம் உண்டாகும். பாரிஸ் நகரில் மான் ரே என்பவர் புகழ்பெறச் செய்த முறை அது. வெண்ட் அதைக் கைவரப் பெற்றார். இரண்டு மூன்று படங்களை ஒன்றாக இணைத்துப் புதியதொரு காட்சி படைக்கும் முறையையும், காமிராவே இல்லாமல் ஒளிபடும் தாளின்மீது பொருள்களை வைத்து நிழலைப் பதிக்கும் முறையையும் சோதித்தார்.

முறைகள் மேல்நாட்டிலிருந்து வந்தவை. பொருளோ முழுவதும் சொந்த நாட்டினுடையது. வலையிழுக்கும் செம்படவர், உழவர், கண்டி நாட்டு ஆடற்கலைஞர், குளிக்கத் துறைக்கு வரும் பெண்கள், பொலன்னறுவையின் சிதைந்த கற்சிலைகள், அலையும் மணலும், தென்னங்கீற்றின்மேல் விழும் வெயில் ஆகியவையே அவர் படங்களில் வரும் பொருள்கள். முன்பு பிளாட்டே கடையார் எடுத்ததும் இதே செம்படவனைத்தானே, வேற்றுமை எங்கே என்று கேட்கலாம். படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும். அங்கே அவன் ஒரு காட்சிப் பொருள். இங்கே அவன் தோளின் நரம்பும் முதுகின் வியர்வையும் தெரிய, தன் வேலையில் தானே ஆழ்ந்து நிற்கும் மனிதன். கிரேக்கச் சிற்பி தன் வீரனுக்குக் கொடுத்த ஒளியை வெண்ட் வலையிழுப்பவனுக்குக் கொடுத்தார். உடல் உழைப்பை இழிவென்று கருதும் சமுதாயத்தில் அது சிறு காரியமன்று.

1934-ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து பேசில் ரைட் என்னும் இளம் டைரக்டர் இலங்கை வந்தார். தேயிலை விளம்பரத்திற்கென்று ஒரு படம் பிடித்துத் தரவேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட வேலை. நாட்டை அறியாத அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் வெண்ட். அதன் பயனாக, வியாபார விளம்பரமாக முடிந்திருக்கவேண்டிய படம், உலகத்துச் செய்திப் படங்களுள் தலைசிறந்தவற்றில் ஒன்றாக மலர்ந்தது. இலங்கைக் கீதம் என்று பொருள்படும் பெயர் பெற்ற அப்படத்தில், 17-ஆம் நூற்றாண்டில் கண்டி நாட்டில் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் எழுதிய நூலின் பகுதிகளை வாசிக்கும் குரல் வெண்டினுடையது. உழைப்பவர்களின் உருவம் திரையில் ஓட, சந்தை விலையும் தந்திச் செய்தியும் பின்னால் ஒலிக்கும் பகுதி ஒன்று அதில் உண்டு. கொழுந்தின் விலையைத் தீர்மானிப்பவர் எங்கோ இருக்கிறார், கொழுந்து பறிப்பவர் இங்கே இருக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே அது சொல்லிவிடுகிறது. 1935-ஆம் ஆண்டில் பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த சர்வதேசப் படவிழாவில் அது முதற்பரிசு பெற்றது.

இனி அவருடைய இரண்டாவது தொண்டைக் காண்போம். கலைஞர்களில் பலர் தம் கலையோடு நின்றுவிடுவர். பிறர் கலையைத் தேடி, சேர்த்து, காத்து, மக்கள் கண்முன் முறையாக வைப்பவர் மிகச் சிலரே. மேல்நாடுகளில் அவர்களைக் காட்சிச்சாலைக் காப்பாளர் என்று அழைத்துச் சம்பளமும் பதவியும் தருகிறார்கள். வெண்டுக்குப் பதவி இல்லை, சம்பளமும் இல்லை. ஆனால் அவ்வேலையைச் செய்தார். 1934-ஆம் ஆண்டில் நண்பர்களுடன் சேர்ந்து இலங்கைப் போட்டோச் சங்கத்தை ஏற்படுத்தினார். லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தார் சித்ராபோட்டோ என்னும் படநிலையத்தை அமைத்தபோது அதற்குத் துணைநின்றார். 1938-ஆம் ஆண்டில் அவருடைய படங்கள் லண்டன் நகரில் தனிக் கண்காட்சியாக வைக்கப்பெற்றன. ஜார்ஜ் கீட் முதலிய ஓவியர்களின் புதுப்பாணியைக் கொழும்பின் கனவான்கள் எள்ளி நகையாடிய நாளில், அவர்களுக்காகப் பத்திரிகையில் வாதாடினார். கோர்ட்டில் விட்ட வக்காலத்தை இங்கே ஏற்றார் என்றே சொல்லவேண்டும்.

அவ்வாதத்தின் முடிவாக எழுந்ததுதான் 43 குழு. 1943-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் தேதி அக்குழு பிறந்தது. பிறந்த இடம் வெண்டின் இல்லம். ஹாரி பீரிஸ், ஜார்ஜ் கீட், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தரணியகல, ஜார்ஜ் கிளாசன், ஜெப்ரி பெலிங், ரிச்சர்ட் கேப்ரியல், ஆப்ரி கொலெட், மஞ்சுஸ்ரீ ஆகியோர் அதில் இருந்தனர். சிங்களவரும் பறங்கியரும், பௌத்தத் துறவு பூண்டவரும், பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் எழுதியவரும் ஒரே கூரையின்கீழ் கூடினார்கள். ஒருவர் பாணி மற்றவர் பாணி அன்று. ஆங்கிலேயக் கலைச்சங்கத்தின் பழைய அளவுகோலை ஏற்கமாட்டோம் என்பது ஒன்றே அவர்களைப் பிணைத்த கயிறு. அதே ஆண்டு நவம்பரில் முதற் கண்காட்சி நடந்தது. பின்னர் அக்குழுவின் ஓவியங்கள் 1952-இல் லண்டனிலும் 1953-இல் பாரிஸிலும் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, அந்நாட்டு விமரிசகர்கள் வியந்து வரவேற்றனர். அதைக் காண வெண்ட் இல்லை.

அமெரிக்காவில் ஆல்பிரெட் ஸ்டீக்லிட்ஸ் என்பவர் இதேபோன்ற தொண்டைச் செய்தார். தாமே பெரும் போட்டோக் கலைஞரான அவர், நியூயார்க் நகரில் 1905 முதல் 1917 வரை ஒரு சிறு காட்சியறையை நடத்தி, மத்தீஸ், பிக்காஸோ போன்றவர்களை அந்நாட்டாருக்கு அறிமுகம் செய்தார். அவர் கதையில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. முத்துக் குமாரசுவாமி என்னும் கொழும்புத் தமிழ்ப் பாரிஸ்டரின் புதல்வரும், பாஸ்டன் காட்சிச்சாலையில் இந்தியக் கலைப் பகுதியின் காப்பாளருமான ஆனந்த குமாரசுவாமியின் முயற்சியால், 1924-ஆம் ஆண்டில் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் அக்காட்சிச்சாலைக்குக் கிடைத்தன. ஓவியத்திற்கும் சிற்பத்திற்கும் சமமாகப் போட்டோவையும் ஏற்ற முதற் காட்சிச்சாலைகளுள் அது ஒன்று. ஸ்டீக்லிட்ஸுக்கு ஒரு குமாரசுவாமி கிடைத்தார்; சுவர்களும் பூட்டும் உள்ள ஒரு பெரிய நிலையம் கிடைத்தது. வெண்டின் படங்களுக்கு அந்தக் காலத்தில் அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

1944-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெண்ட் மாரடைப்பால் திடீரென மறைந்தார். அதன் பிறகு நடந்ததை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அவர் படங்களின் மூலப் பிரதிகளான நெகடிவ்கள் யாவும் அழிக்கப்பட்டன. பத்தாண்டுகளுக்கு மேற்பட்ட உழைப்பின் வித்து அத்தோடு போயிற்று. இன்று நமக்குக் கிடைப்பவை, அவர் தம் கையாலேயே அச்சிட்டு, நண்பர் வீடுகளிலும் பெட்டிகளிலும் தங்கிய பிரதிகளே. அவற்றிலிருந்து தேர்ந்த படங்களை நண்பர்கள் 1950-ஆம் ஆண்டில் லண்டனில் ஒரு நூலாகக் கொண்டுவந்தார்கள். ஹெரால்ட் பீரிஸ் முதலிய அன்பர்களின் முயற்சியால், வெண்டின் வீடு இருந்த இடத்திலேயே அவர் பெயரால் ஒரு கலைமன்றம் எழுந்தது. 1953-ஆம் ஆண்டு டிசம்பரில் அதன் நாடக அரங்கு திறக்கப்பட்டது. சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி நாடகங்களும் கண்ட மேடை அது. 2017-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரத்துப் போட்டோக் காட்சிச்சாலை அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தது. பெயர் நிலைத்தது, படங்களிற் பல நிலைக்கவில்லை.

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல நாம் வரவில்லை. அவர் காமிராமுன் நின்ற ஏழைகளில் பலர் பெயரின்றியே நிற்கின்றனர். படம் எடுத்தவரின் பெயர் உலகெங்கும் பரவியது. எடுக்கப்பட்டவரின் பெயர் குறிப்பேட்டிலும் இல்லை. செல்வத்தில் பிறந்தவர் வறியவரின் உடலழகைக் கண்டார். அவ்வுடல் வாங்கிய கூலியைப் பற்றி அவர் படங்கள் அதிகம் பேசவில்லை. இக்குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஆயினும், அக்காலத்தில் அவர்களை நிமிர்ந்து நிற்கக் கண்ட கண்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தே தீர்ப்புச் சொல்லவேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டிய இவ்வூர்களில் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிடப்படுகிறது. சுண்ணாம்புக் குழியில் இறங்கி மயிர் நீக்கியவர்களும், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோலைப் புரட்டியவர்களும், இன்று குரோமிய உப்புக் கலந்த சுழல் பீப்பாய்களின் அருகில் நிற்பவர்களும் நம்மவர்களே. ஆம்பூரில் காலணி தைக்கும் பெண்களும் நம்மவர்களே. உலகத்தார் காலில் அணிந்து நடக்கும் தோலில் இவர்கள் கைபட்டிருக்கிறது. இவர்கள் முகத்தை நாம் எப்போது பத்திரிகையில் பார்க்கிறோம்? 2015-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி, ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையிலுள்ள பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் மாண்டபோது பார்த்தோம். மாண்டவர்களிற் பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வங்காளத்திலிருந்து வந்தவர்கள். உயிரோடு வேலை செய்தபோது அவர்களைப் படம் பிடித்தவர் யார்? ஆற்று நீர் நிறம் மாறினால் படம் வருகிறது. ஏற்றுமதிக் கணக்கு வந்தால் அதோடு முதலாளிகளின் படம் வருகிறது. உழைப்பவன் உருவம் மட்டும் வருவதில்லை.

இன்று எல்லோர் கையிலும் காமிரா உள்ள டெலிபோன் இருக்கிறது. ஆகவே கருவி இல்லை என்று சொல்லுவதற்கில்லை. பார்வையும் பாதுகாப்புமே குறை. நம் ஊர்களில் பழைய ஸ்டூடியோக்கள் எத்தனை இருந்தன! கல்யாணம், பள்ளிக்கூடக் குழு, தொழிற்சங்கக் கூட்டம், தோல் மண்டி, பாலாற்று வெள்ளம் என்று அவை பதித்த கண்ணாடித் தகடுகளும் நெகடிவ்களும் எத்தனை! அத்தகைய தகடுகள் பல தேசங்களில் மருந்து சுரண்டப்பட்டு வெறும் கண்ணாடியாக விலைபோயின. இங்கும் மூலையில் கிடப்பவை மழையிலும் செல்லிலும் அழிந்துகொண்டிருக்கின்றன. வெண்டின் நெகடிவ்கள் அழிந்தது ஒரு நாளைய காரியம். நம் செல்வம் நாள்தோறும் அழிகிறது. அதனால் நம் காதில் விழவில்லை.

ஆகவே நாம் வேண்டுவது பெரிய மண்டபம் அன்று. தோல் வியாபாரிகள் சங்கமோ, தொழிலாளர் சங்கமோ, நகரசபையோ, கல்லூரியோ ஏதேனும் ஒன்று முன்வந்து ஓர் அறையை ஒதுக்கட்டும். ஈரமும் வெயிலும் படாத அலமாரி இரண்டு இருந்தாற்போதும். வீடுகளிலும் கடைகளிலும் கிடக்கும் பழைய படங்களை வாங்கி, பிரதி எடுத்துக்கொண்டு, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தரலாம். ஒவ்வொரு படத்தின் பின்னும் அதில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதட்டும். வெண்ட் விட்டுப்போன குறையை நாம் இவ்விதம் நிரப்புவோம். வருஷத்திற்கு ஒருமுறை அப்படங்களைப் பொதுமக்கள் பார்க்க வைக்கட்டும். தொட்டியருகில் நின்றவரின் பேரக்குழந்தை வந்து, இவர் எங்கள் தாத்தா என்று சுட்டிக்காட்டட்டும்.

பாரிஸ்டர் பட்டம் பெற்ற ஒருவர் கோர்ட்டுக்குப் போகாமல் கடற்கரைக்குப் போனார். அதனால் ஒரு நாடு தன் முகத்தைக் கண்டது. அவர் வீட்டில் கூடிய பத்துப் பேரால் ஒரு நாட்டின் ஓவியக்கலை திரும்பிற்று. காப்பதற்கு ஆளில்லாமல் அவர் படைப்பின் மூலம் அழிந்தது. இம்மூன்றும் ஒருவர் சரித்திரத்தில் அடங்கியவை. முதலிரண்டைச் செய்யத் திறமை வேண்டும். அது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. மூன்றாவது நேராமல் தடுப்பதற்குத் திறமை வேண்டியதில்லை, அக்கறை இருந்தாற்போதும். அது நம்மிடம் உண்டா என்பதை ராணிப்பேட்டை காட்டட்டும்.